எரிந்த மோட்டருக்கு இரண்டு தராசு

கொழும்பில் ஒரு வீட்டுத் தண்ணீர் மோட்டர் எரிந்துபோனால் அதைப் பற்றி அறிவுரை சொல்வதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. எரிந்ததைத் திருத்திப் பயனில்லை, புதிதாக ஒன்றை வாங்குங்கள் என்பார் ஒருவர். இப்போது வருகிற மோட்டர்களில் சரக்கு இல்லை, பழையதற்கே கொயில் கட்டுங்கள், அதாவது எரிந்த கம்பிச் சுருளை எடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றுங்கள் என்பார் இன்னொருவர். எங்கள் வீட்டில் இந்த இரண்டு கட்சிக்கும் வெளியே மூன்றாவதாக என் அத்தான் நின்றார். அவருடைய வாதம் எளிமையானது: மோட்டருக்குள் இருப்பது செம்பு, செம்பென்றால் காசு, அந்தக் காசைத் தெருவில் வருகிற பழைய இரும்புக்காரரிடம் தூக்கிக் கொடுப்பவர்கள் மடையர்கள். "ஒரு பின்னேரம் குந்தியிருந்து உடைச்சால் புது மோட்டரின்ர அரைவாசிக் காசு கையில நிக்கும்" என்று அவர் சொன்னார். மறுத்துப் பேச என்னிடம் எந்த விவரமும் இருக்கவில்லை. ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

பழைய சோனகத் தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடைக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். ஒரு பொருளை வாங்கிய விலை, ஆண்டுதோறும் அதில் கழிக்கும் பெறுமானத் தேய்வு, கடைசியில் மிஞ்சும் எஞ்சிய பெறுமதி என்று எதையும் மூன்று நிரல்களுக்குள் அடக்கிப் பழகிவிட்டேன். எரிந்த மோட்டர் ஒன்றின் எஞ்சிய பெறுமதி என்ன என்பது எனக்கு ஒரு வரியில் முடிய வேண்டிய கேள்வி. அது அப்படி முடியவில்லை. கேட்ட இடத்துக்கு ஏற்ப விலை மாறியதில் வியப்பில்லை. எந்தச் சந்தையிலும் அப்படித்தான். ஆனால் அந்த மோட்டரில் எது சரக்கு, எது குப்பை என்பதே ஆளுக்கு ஆள் தலைகீழாக இருந்தது. அதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது.

மூடிய பெட்டியின் விலை

கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்கு வருகிற பழைய இரும்புக்காரர் "போத்தல், பத்தர, பரண யகட" (போத்தல், பத்திரிகை, பழைய இரும்பு) என்று சிங்களத்தில் கூவிக்கொண்டு வந்து, வாசலில் நின்றதும் தமிழுக்கு மாறுவார். எங்கள் மோட்டரை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். தராசில் போடாமலே ஒரு தொகையைச் சொன்னார். இரும்பு விலைக்கு மேலே கொஞ்சம் இருந்தது. செம்பு விலைக்குப் பக்கத்திலும் வரவில்லை. கதவோரம் நின்ற அத்தான், பார்த்தாயா என்பதுபோல் என்னைப் பார்த்தார். நானோ அந்த மனிதரைப் பார்த்து, உள்ளே செம்புதானே இருக்கிறது, ஏன் இவ்வளவு குறைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "அக்கா, உள்ளுக்கு என்ன இருக்குதெண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றார்.

அந்தப் பதிலில் ஏமாற்று எதுவும் இல்லை என்பது பிறகு விளங்கியது. மின்விசிறி, சலவை இயந்திரம் போன்றவற்றின் மோட்டரில் காற்றுப் போகும் வழியினூடே கொயில் கண்ணுக்குத் தெரியும். கத்தி நுனியால் கம்பியை ஒரு முறை சுரண்டிப் பார்த்துவிடலாம். சிவப்பாகவே இருந்தால் செம்பு, வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். தண்ணீர் மோட்டர் முற்றாக மூடியது, சுரண்ட வழியில்லை. அலுமினியக் கம்பிக்கும் செம்பு நிற எனாமல் பூச்சுப் பூசப்படுவதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அலுமினியத்தின் மின்கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறத்தாழ 61 சதவீதம்தான். ஆகவே அதே வேலையை வாங்க இன்னும் தடித்த கம்பி வேண்டும். ஆனால் செம்பின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 8.96 கிராம் என்றால், அலுமினியத்தினுடையது வெறும் 2.7. கம்பி தடித்தாலும் எடை குறைவு, கிலோ விலை அதைவிடக் குறைவு. மலிவு மோட்டர் செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். எனவே தெருவில் மோட்டர் வாங்குகிறவர் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மூடிய பெட்டியை வாங்குகிறார். பத்துப் பெட்டியில் சில வெறும் பெட்டியாக இருக்கும் என்பதற்கும் சேர்த்தே விலை சொல்கிறார். கணக்கு எழுதுகிற நான் அதை அறவிடமுடியாக் கடன் ஒதுக்கம் என்று எழுதியிருப்பேன். அவர் கையால் தூக்கிப் பார்த்துச் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அத்தான் இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. பஞ்சிகாவத்தையில் எங்கோ நடைபாதையில் கிடந்த, எங்களுடையதைப் போன்ற எரிந்த மோட்டர் ஒன்றை வாங்கிவந்து, உடைத்தே காட்டுகிறேன் என்றார்.

வளவில் நடந்த பரிசோதனை

செம்பு எடுப்பதைச் செய்து காட்டும் காணொளிகளில் அந்த வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. பின் வளவில் நாங்கள் உட்கார்ந்தபோது முதல் தடையே நான்கு நீண்ட போல்ட்டுகள். துருப்பிடித்து இறுகிப்போன அவற்றில் ஒன்று தலை உருண்டு, கடைசியில் அறுக்கப்பட்டது. மூடிகளைப் பலகைத் துண்டு வைத்துத் தட்டிக் கழற்றியதும் உள்ளே சுழலும் பகுதியான ரோட்டர் இரண்டு பெயரிங்குகளோடு வெளியே வந்தது. அதைக் கையில் எடுத்த அத்தானின் முகம் மலர்ந்தது. கைக்கு நல்ல பாரமாக இருந்தது. ஆனால் அதில் செம்பு இல்லை. இந்த வகை மோட்டரின் ரோட்டரில் கம்பியே கிடையாது; மெல்லிய உருக்குத் தகடுகளின் துளைகளுக்குள் உருகிய அலுமினியத்தை வார்த்துக் கூடு போலச் செய்திருப்பார்கள். அந்த அலுமினியத்தையும் வீட்டில் பிரித்தெடுக்க முடியாது. சுழலும் பகுதியில் செம்பு வேண்டுமானால் துளையிடும் கருவி, மிக்சி போன்றவற்றின் கார்பன் தூரிகை வைத்த மோட்டரைத் தேட வேண்டும், அவையோ கைக்கடக்கமானவை.

செம்பு முழுவதும் வெளிச்சட்டத்தோடு ஒட்டி நிற்கும் ஸ்டேட்டரில்தான் இருந்தது. உட்புறம் நோக்கித் திறந்த குறுகிய பள்ளங்கள் வரிசையாக இருக்கும். அவற்றுக்குள் தாள் போன்ற காப்பு வைத்து, கம்பிச் சுற்றுகளை இறக்கி, வாயை ஆப்பு வைத்து அடைத்து, இரண்டு பக்கமும் வெளியே வளைந்து நிற்கும் கம்பித் தலைகளை நூலால் இறுகக் கட்டி, எல்லாவற்றின் மேலும் வானிஷ் ஊற்றிச் சூளையில் காய வைத்திருப்பார்கள். கம்பிகள் அதிர்ந்து ஒன்றோடொன்று உரசாமல் இருக்கவே அந்த வானிஷ். பிரித்தெடுக்க வருகிறவனுக்கும் அதுவே எதிரி. ஒரு பக்கத்துத் தலைகளை உளி வைத்து ஸ்டேட்டரின் விளிம்போடு அறுத்துவிட்டு, மறுபக்கத்திலிருந்து குறட்டால் இழுக்க வேண்டும் என்பதே முறை. முதல் பள்ளத்துக் கம்பிகள் இம்மியும் அசையவில்லை. அறுத்த பக்கத்திலிருந்து இரும்புக் குச்சி ஒன்றை வைத்துத் தட்டித் தட்டி நகர்த்திய பிறகு, ஈர்க்குக் கட்டைப் போலக் கருகிய கம்பிக் கொத்து ஒன்று காப்புத் தாளையும் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. எரிந்த எனாமலின் நாற்றம் கையில் ஒட்டிக்கொண்டது. சவர்க்காரம் போட்டும் உடனே போகவில்லை. எல்லாப் பள்ளங்களும் காலியாகும்போது இருட்டிவிட்டது. சமையலறைத் தராசில் போட்டுப் பார்த்தோம். ஒரு கிலோவைத் தொடவில்லை.

அத்தான் சோர்ந்துபோகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மோட்டருக்குக் கொடுத்த விலையைவிடச் செம்பின் விலை கூடத்தான் என்றார், அது சரி. அவருடைய பின்னேரத்துக்கும் என்னுடைய பின்னேரத்துக்கும் கூலி போடவில்லை, முறிந்த வாள் அலகுகளைக் கழிக்கவில்லை, அலுமினியமாக இருந்திருந்தால் என்ற கேள்வியையே கேட்கவில்லை. புது மோட்டரின் அரைவாசி என்ற கணக்கு எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் வரவில்லை.

இலண்டனில் ஒரு விலை, கிராண்ட்பாஸில் ஒரு விலை

செம்பைத் தங்கமாகப் பேசும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், 2022ஆம் ஆண்டை விலக்கிவைக்க முடியாது. உலகச் செம்பு விலை இலண்டன் உலோகச் சந்தையில் டொலரில் முடிவாகிறது. தொன் 10,000 டொலர் என்று வைத்துக்கொண்டால், டொலர் 200 ரூபாயாக இருந்த காலத்தில் கிலோ 2,000 ரூபாய். டொலர் 360 ரூபாயைத் தொட்டபோது அதே கிலோ 3,600 ரூபாய். இலண்டனில் எதுவும் அசையாமலே கொழும்பில் செம்பு கிட்டத்தட்ட இரட்டித்துவிடும். அந்த ஆண்டின் மார்ச் மாதத்தில் இலண்டன் விலையும் உச்சத்தைத் தொட்டிருந்தது. 2024 மே மாதத்தில் 11,000 டொலரையும் தாண்டியது. சம்பளம் அப்படியே நிற்க, மூலையில் கிடந்த பழைய பொருள் விலையேறினால் மனிதர் அதைத் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். தொலைபேசிக் கம்பிகளும் வீட்டு வாசல்களின் பித்தளைத் தண்ணீர் மானிகளும் களவுபோன செய்திகள் அந்தக் காலத்தில்தான் அடிக்கடி வந்தன.

ஆனால் இலண்டன் விலை தூய செம்புத் தகட்டுக்கான விலை. மோட்டர்க் கொயில் அந்தத் தரத்தில் சேராது. உலகப் பழைய உலோக வணிகத்தில் பூச்சில்லாத, பளபளக்கும் தடித்த கம்பி முதல் தரம். எனாமல் பூசிய கொயில் கம்பி இரண்டாம் தரம். இரண்டாம் தரத்தில் எதிர்பார்க்கப்படும் செம்பின் அளவு ஏறத்தாழ 96 சதவீதம். அதை உருக்குகிறவர், ஏற்றுமதி செய்கிறவர், கிராண்ட்பாஸில் நிறுத்து வாங்குகிறவர், தள்ளுவண்டிக்காரர் என்று ஒவ்வொருவரும் தமது பங்கை எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் எங்கள் ஒழுங்கைக்கு வருகிறது.

செம்பு விலையில் அரசியல் கலந்த காலமும் இந்த ஊருக்கு உண்டு. 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின் கீழ் இலங்கையிலிருந்து இந்தியாவுக்குப் போன பெரிய ஏற்றுமதிகள் இரண்டு: ஒன்று வனஸ்பதி, மற்றது செம்பு. செம்பு அகழும் சுரங்கம் எதுவும் இயங்காத நாட்டிலிருந்து செம்பு போனது. வெளிநாட்டுப் பழைய செம்பைக் குறைந்த வரியில் இறக்கி, இங்கே உருக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்புவதற்காகவே தொழிற்சாலைகள் முளைத்தன. உள்ளூரில் 35 சதவீதப் பெறுமதி சேர்க்க வேண்டும் என்ற விதியைக் காட்டி இந்தியா இறுக்கத் தொடங்கியதும் அவை ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நான் பார்க்கும் கணக்குப் புத்தகங்களில் இன்னமும் அந்தக் காலத்துப் பெயர்கள் சில தலைகாட்டும்.

புகை யாருடைய கணக்கில்

வளவில் நாங்கள் பட்ட பாட்டைக் கேட்ட அயல்வீட்டுக்காரர், ஏன் இவ்வளவு சிரமம், நெருப்பில் போட்டிருந்தால் அரை மணித்தியாலத்தில் கம்பி கழன்று வந்திருக்குமே என்றார். உண்மைதான். வானிஷ் கருகிப்போனால் கம்பி கையோடு வரும். கால்வாய்க் கரைகளிலும் ரயில் பாதையோரங்களிலும் மாலையில் எழும் கரும்புகைகளில் ஒரு பகுதி இதுதான். மோட்டரில் எனாமலும் வானிஷும் மட்டும் எரிவதில்லை; வெளியே வரும் இணைப்புக் கம்பிகளின் பீவீசீ உறையும் சேர்ந்தே எரிகிறது. அந்த உறையிலுள்ள குளோரின், அரைகுறையாக எரியும் நெருப்பில், செம்பையே ஊக்கியாகக் கொண்டு டயொக்சின் என்னும் நச்சாக மாறுகிறது. 2001இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை, டயொக்சினை வெளிவிடும் மூலங்களின் பட்டியலில் செம்புக் கேபிள்களைப் புகையவிடுவதைத் தனியாகவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இலங்கையும் அதில் ஒரு தரப்பு.

எரிக்கிற பொடியனைத் திட்டுவது எளிது. எனக்கு உறுத்தியது வேறு. எரித்தாலும் எரிக்காவிட்டாலும் மோட்டர்க் கொயில் இரண்டாம் தரம்தான். எரிப்பதால் தரம் உயர்வதில்லை. மாறாக, மெல்லிய கம்பி சூட்டில் கறுத்து, செதிள் செதிளாக உதிர்ந்து, நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். உலக வணிக விதிகள் அப்படி நொறுங்கும் எரிந்த கம்பியை இரண்டாம் தரத்திலிருந்தும் விலக்கச் சொல்கின்றன. அப்படியானால் எரிப்பவருக்குக் கிடைப்பது நேரம் மட்டும். அந்த நேரத்துக்கு விலை கொடுப்பவர், எரித்ததையும் உளியால் எடுத்ததையும் ஒரே தட்டில் ஒரே விலைக்கு நிறுக்கிற கடைக்காரர். நெருப்பை மூட்டுவது அந்தத் தராசு என்பது என் கருத்து. பொலிஸோ சுற்றாடல் அதிகாரசபையோ கால்வாய்க் கரையில் நின்று பிடிப்பதைவிட, கடை வாசலில் கறுத்த செம்புக்குக் குறைந்த விலை எழுதிப்போட வைத்தால் புகை விரைவில் குறையும்.

மருதானையில் ஒரு சீ.ஆர். கொப்பி

இவ்வளவும் நடந்த பிறகும் எங்களுடைய சொந்த மோட்டர் குசினி மூலையில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு மருதானைப் பக்கம் கொயில் கட்டும் கடை ஒன்றுக்குப் போனேன். கடைக்காரர் வடமராட்சிக்காரர், மின்சாரம் இல்லாத 1990களின் யாழ்ப்பாணத்தில், ரேடியோ கேட்பதற்கென்று சைக்கிள் டைனமோக்களைத் திருத்தித் தொழில் பழகியவர். முன்பக்கம் ஒரு மேசை, பின்னால் கம்பி உருளைகள், பாதி இருட்டு. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாமவர் வாசலில்தான் நிற்க வேண்டும்.

அவரும் நாங்கள் செய்ததைத்தான் செய்தார். போல்ட்டைக் கழற்றினார், மூடியைத் தட்டினார், ரோட்டரை உருவினார், உளியை எடுத்தார். ஆனால் உளி உடனே கம்பியில் இறங்கவில்லை. முதலில் மேசை லாச்சியிலிருந்து ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து விரித்தார். மோட்டரின் தகட்டில் இருந்ததை எழுதினார்: 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், அரைக் குதிரைவலு. பள்ளங்களை விரலால் எண்ணி ஒரு வட்டம் வரைந்து, எந்தக் கொயில் எந்தப் பள்ளத்தில் இறங்கி எந்தப் பள்ளத்தில் ஏறுகிறது என்று கோடுகள் போட்டார். ஓடும் கொயிலுக்கு ஒரு நிறம், தொடக்கத்தில் தள்ளிவிடும் கொயிலுக்கு வேறு நிறம். பிறகு ஒரே ஒரு கொயிலின் தலையை மட்டும் அறுத்து, நுனிகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து வளைத்துச் சுற்றுகளை எண்ணினார். ஒரு கம்பித் துண்டின் எனாமலைத் தீக்குச்சிச் சுடரில் காட்டித் துணியால் துடைத்து, மைக்ரோமீற்றரில் வைத்து, கம்பியின் தடிப்பு 24 கேஜ் என்று எழுதினார். அதற்குப் பிறகே மற்றவற்றை அறுத்தார். வெளியே வந்த செம்பை நிறுத்து அந்த எடையையும் அதே பக்கத்தில் எழுதினார். புதிதாக எவ்வளவு கம்பி போகும் என்பதற்கு அதுதான் கணக்கு.

எண்ணிக்கை ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்டேன். சுற்றுக் குறைந்தால் இரும்புக்குள் காந்தம் அளவுக்கு மீறி, மோட்டர் தேவைக்கு மேல் மின்னோட்டம் இழுத்துச் சூடாகும். கூடினால் இழுவை இல்லாமல் மேல் தாங்கிக்குத் தண்ணீர் ஏறாது. நூற்றுக்கணக்கான சுற்றுகளில் செய்தவன் போட்ட எண்ணை மறுபடி கண்டுபிடிக்க எளிதான வழி, எரிந்த கொயிலை எண்ணுவதுதான். அறுத்துக் குவித்துவிட்டால் அதற்குப் பிறகு அது வெறும் எடை. எங்கள் வளவில் அத்தானும் நானும் உளியை இறக்கிய முதல் நிமிடத்திலேயே அந்த மோட்டர் திரும்பி ஓடுவதற்கான இலகுவான வழி அறுந்துவிட்டது. அதை அங்கே யாரும் இழப்பாக எழுதவில்லை. அந்தக் கொப்பியின் முன்பக்கங்களைப் புரட்டிப் பார்க்க அனுமதித்தார். அரைக்கும் ஆலைகள், பேக்கரிகள், மாடிவீட்டுப் பம்புகள் என்று பக்கம் பக்கமாக வட்டங்களும் எண்களும். நான் எழுதுகிற எந்தப் பேரேடும் இவ்வளவு சுத்தமாக இல்லை.

"அண்ணை, இதை நெருப்பில போட்டால் கெதியாக் கழருமாமே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "கழரும் தங்கச்சி. ஆனால் இரும்பு போயிடும். இரும்பு நல்லா இருந்தால் மோட்டர் இருக்கு, செம்பு எப்பவும் வாங்கலாம்" என்றார்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வேலையைச் செய்கிற இரண்டு தொழில்கள் அந்த இடத்தில்தான் எனக்குப் பிரிந்து தெரிந்தன. செம்புக்காக உடைப்பவருக்கு ஸ்டேட்டரின் இரும்பு கடைசியில் மிஞ்சும் பாரம். கொயில் கட்டுகிறவருக்கு எரிந்த செம்புதான் மிஞ்சும் பாரம். அந்த இரும்பு ஒரே கட்டியாகத் தோன்றினாலும் நூற்றுக்கணக்கான மெல்லிய சிலிக்கன் உருக்குத் தகடுகளின் அடுக்கு. ஒவ்வொரு தகட்டுக்கும் இடையே ஒரு காப்புப் பூச்சு உண்டு. தகட்டுக்குத் தகடு சுழல் மின்னோட்டம் பாயாமல் தடுப்பது அதுதான். கட்டற்ற நெருப்பில் அந்தப் பூச்சு கருகினால், புதிதாக எவ்வளவு நல்ல செம்பைச் சுற்றினாலும் இரும்பே சூடேறி, மின்கட்டணத்தை ஏற்றி, கொஞ்சக் காலத்தில் கொயிலையும் எரித்துவிடும். அதனால்தான் பெரிய மோட்டர்களின் வானிஷை இளக்குவதற்கென்று வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் சூளைகள் இருக்கின்றன. ஏறத்தாழ 370 பாகை செல்சியஸுக்கு மேலே போகவிடுவதில்லை. சிறிய மோட்டர்களை அவர் கையாலேயே இழுக்கிறார். ரோட்டர் உரசித் தகடுகள் ஒன்றாக உருகிப்போன ஸ்டேட்டரைக் கண்டால், கட்டித் தரமாட்டேன், பழைய இரும்புக்குப் போடுங்கள் என்று அவரே சொல்லிவிடுவாராம். உடைப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஆள் அவர் என்று எனக்குப் பட்டது.

எல்லா மோட்டருக்கும் இது பொருந்தாது. மேசை மின்விசிறி, மிக்சி போன்றவற்றுக்குக் கட்டும் கூலி புதிய பொருளின் விலையை எட்டிப்பிடிக்கும். அவற்றை உடைப்பதில் நட்டமில்லை. அரைக் குதிரைவலு மோட்டர் எல்லைக்கோட்டில் நிற்கிறது. இப்போது மலிவாக விற்கும் அலுமினியக் கொயில் பம்புகளோடு ஒப்பிட்டால், பழைய செம்பு மோட்டரைக் கட்டுவதே எனக்கு இலாபமாகத் தெரிந்தது. அத்தான் இதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

மேசைக்கு அடியில் இருந்த உரப்பை

எடை எழுதி முடிந்ததும் எங்கள் மோட்டரின் பழைய செம்பு மேசைக்கு அடியில் இருந்த ஓர் உரப்பைக்குள் போனது. அதில் ஏற்கெனவே பாதி நிரம்பியிருந்தது. அது என்னுடைய செம்பு அல்லவா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "கூலிக்குள்ள அதுவும் அடக்கம். வேணுமெண்டால் எடுத்துக்கொண்டு போங்கோ, கூலி கூடும்" என்றார். விசாரித்துப் பார்த்தால் கொழும்பில் பல கடைகளில் இதுதான் வழக்கம். பழைய செம்பு விற்ற காசில் வானிஷும் காப்புத் தாளும் நூலும் வருகின்றன. வாடிக்கையாளரிடம் சொல்லும் கூலி அதைக் கழித்தே சொல்லப்படுகிறது. யாரும் கேட்பதில்லை, யாரும் எழுதுவதுமில்லை.

இந்த வழக்கம் நியாயமற்றது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் எழுதாமல் நடக்கும் கழிப்பு எந்தக் கணக்குக்காரரையும் உறுத்தும். புதிய கம்பிக்கு என்னிடம் புதிய கம்பியின் கிலோ விலை வாங்கப்படுகிறது. பழைய கம்பி என்ன விலைக்கு ஏற்கப்பட்டது என்பது கடைக்காரரின் மனதுக்குள் மட்டும் இருக்கிறது. செம்பு விலை இரட்டித்த ஆண்டில் அந்தக் கழிப்பும் இரட்டித்ததா என்று எவராலும் சொல்ல முடியாது. பற்றுச்சீட்டில் ஒரு வரி கூட்டி எழுதுங்கள் என்று கேட்டேன். "இப்பிடி எழுதினால் அடுத்தவன் வந்து விலை பேசுவான், தங்கச்சி" என்றார். பேசட்டுமே என்றேன். தயங்கித் தயங்கிக் கடைசியில் எழுதினார்: புதிய கம்பி இவ்வளவு, கூலி இவ்வளவு, பழைய செம்புக்குக் கழிவு இவ்வளவு. மொத்தத் தொகை முதலில் வாயால் சொன்னதிலிருந்து ஒரு ரூபாயும் மாறவில்லை.

அத்தான் அந்தப் பற்றுச்சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். மோட்டர் ஓடுவதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், செம்புக்குக் கழித்த விலையில் விரலை வைத்து, கிராண்ட்பாஸில் இதைவிடக் கூடக் கொடுக்கிறார்கள் என்றார். மதிய இடைவேளையில் நானே போய் விசாரித்தேன். அவர் சொன்னது சரிதான். கிலோவுக்குக் கூடத்தான் கொடுக்கிறார்கள். எரித்த செம்பையும் அதே விலைக்குத்தான் எடுக்கிறார்கள்.